நேற்று வந்த ஐயா

சென்ற மாசி மாதம் யாழ்ப்பாண நகரத்தில் எனக்கு நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு நல்லதொரு உணவகத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கனடாவில் இருக்கும் என் தங்கை மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். வயது அறுபத்தாறு. இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை செய்தவள். இவ்வளவு நீண்ட பயணம் இனித் தன்னால் முடியாது, இதுதான் கடைசி வரவு என்று விமானம் ஏறுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வந்தவள் சண்டிலிப்பாயில் எங்களுடன் தங்கவில்லை. நகரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் நானும் என் அண்ணனும்.

அண்ணன் வீடு என் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் கதியால் வேலியாக இருந்த எல்லையை மதிலாகக் கட்டியபோது வந்த பிரச்சினை. அரை அடி நிலம். யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என் பக்கம்தான் என்று தெரிந்துவிடும். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. செத்தவீடு, கலியாணவீடு என்றால் இருவரும் போவோம். பந்தலின் ஒரு தலைப்பில் நான் இருந்தால் மறு தலைப்பில் அவர் இருப்பார். அவர் வீட்டில் நான் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை, என் வீட்டில் அவரும் அப்படியே. எங்கள் பக்கத்தில் கோபக்காரர்கள் பேசாமல் இருப்பது கூடப் பெரிதில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருப்பதுதான் பெரிது. தங்கை ஒரு வீட்டில் தங்கினால் மற்ற வீட்டுக்காரர் அவளுடைய பெட்டியைக்கூடத் தொட்டுத் தூக்க மாட்டார். அது தெரிந்துதான் விடுதிக்குப் போனாள்.

வந்த மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

“சின்னண்ணை, ரெண்டு அண்ணன்மாரும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுறதைப் பார்த்திட்டுத்தான் பிளேன் ஏறுவன். உங்கடை வீடும் வேண்டாம், அவரின்ரை வீடும் வேண்டாம். ஒரு ரெஸ்ரோறன்ருக்குப் போவம். நீங்கள் ஒரு நல்ல இடமாப் பாருங்கோ. ஆகப் பெரிய இடமும் வேண்டாம், ஆகச் சின்னக் கடையும் வேண்டாம்.”

யோசித்துப் பார்த்தேன். கடை என்பது பொது இடம். அங்கே சாப்பிட்டால் யார் வீட்டிலும் கை நனைத்ததாகாது. கடைசியாக வந்திருக்கிறவள் கேட்கிறாள். ஓம் என்றேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

சிறிய கடை தேடுவது சுலபம், மூக்கு காட்டிக்கொடுக்கும். பெரிய ஹோட்டல் தேடுவதும் சுலபம், வாசலில் நிற்கும் காவல்காரனின் தொப்பியைப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். தொலைபேசியில் நட்சத்திரம் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்தேன். நாலரை நட்சத்திரக் கடைக்குக் கீழே ஒருவர், சாப்பாடு திறம் ஆனால் மோட்டார் சைக்கிள் விட இடமில்லை என்று எழுதி ஒரேயொரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் தான் சாப்பிடவில்லை, வாசலில் நின்று படம் மட்டும் எடுத்ததாகச் சொல்லி ஐந்து கொடுத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். இப்படிப் போட்ட கூட்டலை நம்பி நான் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டேன். நேரில் போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

பார்க்க வேண்டியவை நிறைய. தங்கைக்குப் படி ஏற முடியாது. கதிரைக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் எழும்ப முடியாது. கழிப்பறை கொமோட்டாக இருக்க வேண்டும். எழுத்து வாசிக்க வெளிச்சம் வேண்டும், கதைத்தால் காது கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இறால். எனக்கு இறால் ஆகாது. எட்டு வயதில் கொழும்புத்துறையில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒரு கை இறால் பொரியல் தின்று முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோகப்பட்டவன். அந்தச் சைக்கிளை மிதித்தவர் அண்ணன். அது வேறு கதை.

நான் வெளிக்கிட்டு நிற்பதைப் பார்த்து மனைவி சொன்னாள்: “என்னைப் பொம்பிளை பார்க்க வரேக்கை கூட நீங்கள் இவ்வளவு விசாரிக்கேல்லை.”

“அதாலைதான் இப்ப விசாரிக்கிறன்” என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். வந்த பிறகு இரண்டு நாள் தேநீரில் சீனி குறைந்திருந்தது.

முதலில் போன இடம் மாடியில் இருந்தது. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாதியில் எண்ணிக்கையும் மூச்சும் ஒன்றாக விட்டுப்போயின. மேலே காசாளர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்னய்யா, திருப்பியும் வந்திட்டியள்? லிஃப்ற் நேற்றும் இல்லை, இண்டைக்கும் இல்லை.”

என் வாழ்க்கையில் முதல்முறையாக இந்தப் படி ஏறுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார், தண்ணீர் தந்தார், மெதுவாக இறங்குங்கோ ஐயா என்று கீழே வரைக்கும் கூட வந்தார். மறதிக்காரக் கிழவர்களை அப்படித்தான் அனுப்பிவைப்பார்கள். திரும்பும் பஸ்ஸில் என்னை நானே விசாரித்தேன். நேற்று நான் எங்கே இருந்தேன்? பதினாறாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. பத்தொன்பதையும் சொன்னேன். அதுவும் சரி. ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் போன கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்து என்றால் இரும்புத் தட்டில் இரண்டு தகட்டால் ரொட்டியை அடித்து வெட்டுவது. காதுக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலால் பரிமாறுபவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஐயா! நேற்றே சொன்னன்தானே! கொமோட் இருக்கு! கைபிடி வைச்ச கதிரை இல்லை!”

இம்முறை நான் விடவில்லை. “நேற்று நான் என்ன உடுப்போடை வந்தனான்?” என்று நானும் கத்தினேன்.

“உந்த வெள்ளைச் சேட்டுத்தான்! கையிலை ஒரு கறுப்புக் குடை!”

மாசி மாதத்தில் எங்கள் ஊரில் மழைக்கு நினைப்பே கிடையாது. அந்த மாதத்திலும் கறுப்புக் குடையோடு திரியும் மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். ஏறிய நெற்றி, தடித்த மூக்கு, வலப்பக்கம் சற்றுச் சரிந்த தோள் எல்லாம் எங்கள் இருவருக்கும் அப்பா கொடுத்தவை. அந்தச் சொத்தில் மட்டும் பங்குச் சண்டை வரவில்லை.

வீதிக்கு வந்து தங்கையை அழைத்தேன். “நீ அவரிட்டையும் சொன்னனியோ?”

“சொல்லாமல்? ஒராளிட்டை மட்டும் சொன்னால் மற்றவர் அதுக்கும் ஒரு ஒன்பது வருசம் கதைக்காமல் இருப்பார்.”

என் மூளை சரியாக இருக்கிறது என்ற நிம்மதி ஒரு நிமிடம் இருந்தது. அதன்பிறகு எரிச்சல்தான். நான் போகுமிடமெல்லாம் எனக்கு முதல் நாள் அவர் போயிருக்கிறார். நான் கேட்க நினைத்த கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். எனக்கென்று ஒரு கடைகூட மிச்சமில்லை.

கடற்கரைப் பக்கமாக உல்லாசப் பயணிகளுக்கென்று கட்டிய ஒரு ஹோட்டலுக்குப் போனேன். அங்கே அவர் போகவில்லை. ஏனென்று பிறகு விளங்கியது. மேசைக்கு ஒரு மெழுகுதிரி, அதுதான் மொத்த வெளிச்சம். விலைப்பட்டியலைத் தொலைபேசி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்ததும் அணைத்துவிட்டேன். நல்லூர்ப் பக்கம் ஒரு சைவக் கடை. சாப்பாடு திறம், படியும் இல்லை. ஆனால் இலையில் கடைசிப் பருக்கை இருக்கும்போதே அடுத்த ஆள் என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடம் கதைக்காத இருவர் அந்த வேகத்தில் என்ன செய்ய முடியும்?

ஐந்தாவதாகப் பார்த்த கடை, ஒழுங்கை ஒன்றில் இருந்த பழைய கல்வீடு. முற்றத்தில் இரண்டு மாமரம், கீழே மேசைகள், உள்ளே எட்டு மேசை. வாசலில் படியில்லை, சரிவு. பாட்டு மெதுவாகப் போனது. விலை ஒரு நடுத்தரக்காரன் மூச்சு விட்டுக்கொண்டே வாசிக்கக்கூடிய விலை. குறை கண்டுபிடிக்க உண்மையாகவே பாடுபட்டேன். ஒரு மின்விசிறி மட்டும் கொஞ்சம் முனகியது.

பரிமாறுபவர், நடுத்தர வயதுக்காரர், ஓடி வந்தார். “வாங்கோ ஐயா! நேற்றுச் சொன்ன அந்த மேசையை வியாழக்கிழமைக்கு விட்டு வைக்கிறன். உங்கடை தங்கச்சியின்ரை முழங்காலுக்குக் கைபிடி வைச்ச கதிரையும் எடுத்து வைச்சாச்சு. குசினியிலையும் கதைச்சிட்டன். உங்கடை தம்பிக்கு இறால் கூடாதெண்டு சொன்னியள்தானே, அவருக்குப் புறம்பாச் சட்டி வைச்சுச் செய்து தருவினம்.”

எனக்குத் தலைக்குள் சுர்ரென்றது. என் இறாலைப் பற்றிக் கடை கடையாகச் சொல்லித் திரிய இவர் யார்? என் வயிறும் அந்த அரை அடியோடு சேர்ந்து போய்விட்டதா? நான் அவரில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு பின்னால் வந்த ஆளாக நிற்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அண்ணனாகவே நின்றுகொண்டேன்.

“தெரியும், தெரியும்” என்றேன்.

“இன்னும் ஒரு விசயம் ஐயா. நேற்று நீங்கள் கேட்டியளே, தட்டிலை வைக்கிற அந்த வெள்ளைச் சாமான்...”

“எல்லாம் எனக்குத் தெரியும் எண்டிறன்!”

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

அண்ணன் பார்த்து முடித்த கடை எனக்கு வேண்டாம் என்று கொழும்புத்துறைப் பக்கம் கடலேரியோரம் இருந்த இன்னொரு கடைக்கும் போனேன். அங்கே இறால் இல்லாத ஒரே பொருள் சோடா. நுளம்புக்கடி வேறு. ஒரே இருப்பில் பதினேழு அடித்தேன். வேறு வழியில்லாமல் தங்கையை அழைத்து அந்தக் கல்வீட்டுக் கடையைச் சொன்னேன். சிரித்தாள். அண்ணனும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விடயம் இது என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் முன்கூட்டியே போனேன். அண்ணன் எனக்கும் முன்னமே வந்திருந்தார். நான் மனதில் வைத்திருந்த அதே கதிரையில், சுவருக்கு முதுகு கொடுத்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பரிமாறுபவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஐயோ, ரெண்டு ஐயாவோ!”

நான் மேசையின் மறு தலைப்பில் இருந்தேன். தங்கை ஓட்டோவில் வந்து இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். அவளைப் பார்த்து நான் கதைத்தேன், அவளைப் பார்த்து அவர் கதைத்தார். அவளுக்குக் கழுத்து நொந்திருக்கும். பிறகு அண்ணன் பரிமாறுபவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்த ஃபானைக் கொஞ்சம் குறைச்சு விடு. சில பேருக்குத் தடிமன் பிடிக்கும்.”

தடிமன் பிடித்துத் தும்முவது நான்தான். நானும் கூப்பிட்டேன். “தம்பி, ஃபான் அப்பிடியே இருக்கட்டும். சில பேருக்கு வேர்த்தால் பிரஷர் ஏறுமெண்டு சொல்லு.”

பிரஷர் அவருக்கு. பரிமாறுபவர் சுவிட்சில் கை வைத்தபடி யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

“நீங்கள் அதை விட்டிட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவாங்கோ தம்பி” என்றாள் தங்கை. “மூண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. வேறை வேறை எடுத்தால் அதுக்கும் சண்டை வரும்.”

நாசி கொரேங் என்று இப்போது எல்லாக் கடையிலும் போடுகிறார்களே, முட்டை பொரித்து மேலே வைத்த வறுத்த சோறு, அதைத்தான் கோழியோடு சொன்னாள். மூன்று தட்டு வந்தது. எனக்கு எதைக் கண்டாலும் எண்ணும் பழக்கம். தங்கையின் தட்டில் வெள்ளையாகப் பொரிந்த அப்பளம் மூன்று. அண்ணனின் தட்டில் மூன்று. என் தட்டில் ஒன்றுமில்லை. திரும்பவும் எண்ணினேன். ஒன்றுமில்லை.

மேசையைச் சொல்லி வைத்தவர் அவர், குசினியில் கதைத்தவர் அவர். எனக்கு அப்பளம் கிடைக்காமல் போனது மட்டும் தற்செயலா? அரை அடி நிலத்தில் தொடங்கியது இப்போது அப்பளத்துக்கு வந்து நிற்கிறது என்று நினைத்தேன். அவரிடம் கேட்க முடியாது. பரிமாறுபவரிடம் கேட்டால் மானக்கேடு. ஆகவே, சின்ன வயதிலிருந்து செய்து வந்ததைச் செய்தேன். கையை நீட்டித் தங்கையின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன்.

வாயருகே கொண்டுபோன கையில் படாரென்று ஓர் அடி விழுந்தது.

“டேய்! தொடாதை! அது அப்பளமில்லையடா, இறால்! இறாலை அரைச்சுச் செய்யிறது!”

முற்றத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெள்ளைச் சாமான் தங்கையின் தண்ணீர்க் கிளாசுக்குள் விழுந்து, சிறு சத்தத்தோடு ஊறத் தொடங்கியது. அண்ணன் எழுந்து நின்றார். குடை நிலத்தில் கிடந்தது. அடித்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயிலை வைச்சனியோ? கடிச்சனியோ? காட்டு!”

நான் வாயைத் திறந்து காட்டினேன். எழுபத்துமூன்று வயதில், எட்டு மேசைக்கு நடுவில், ஆவென்று. ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கைக்குட்டையை எடுத்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அவர் கதிரையில் இருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

எனக்கு வெட்கம், வெட்கத்தால் கோபம். “அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே?” என்றேன்.

“நீ என்னோடை கதைக்கிறனியோ, சொல்லுறதுக்கு?”

“நீங்கள் மட்டும் கதைச்சனீங்களோ?”

“இந்தத் தம்பியிட்டை அவ்வளவு சொல்லி வைச்சன். நீயும் வந்து பார்த்தனியாம். அப்ப உனக்குச் சொல்லேல்லையோ அவன்?”

பரிமாறுபவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். “என்னை நீங்களெண்டு நினைச்சுச் சொல்லாமல் விட்டிட்டான்” என்று முணுமுணுத்தேன்.

“நானெண்டு நினைச்சால், நான் இல்லையெண்டு சொல்ல வேண்டியதுதானே? வாய் இருக்குத்தானே?”

“அண்ணை, மழையில்லாத மாசியிலை குடையோடை திரியிற உங்களை மாதிரி என்னை ஒருத்தன் நினைச்சால் அது என்ரை பிழையோ?”

“வெயிலுக்கடா அது!”

“பொழுதுபட்ட பிறகு என்ன வெயில்?”

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. குடையில் தொடங்கி மதிலுக்குப் போனோம், மதிலில் இருந்து நில அளவையாளருக்குப் போனோம், அவரிலிருந்து அப்பாவின் சைக்கிளை யார் விற்றது என்பதற்குப் போனோம். ஒன்பது வருடத்துக்குச் சேர்த்து வைத்தது முழுவதையும் அந்த மேசையில் கொட்டினோம். சோறு ஆறிப்போனது. ஆறிய சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே சண்டை பிடித்தோம். தங்கை தன் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், அண்ணனின் தட்டில் இருந்த மூன்று வெள்ளையையும் எடுத்துத் தின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உறைப்பு என்றாள்.

வெளிக்கிடும்போது, சாப்பாடு எப்படி என்று பரிமாறுபவர் பயந்து பயந்து கேட்டார். உப்புக் கூட என்றார் அண்ணன். உப்புக் குறைய என்றேன் நான். தங்கை பரிமாறுபவருடைய கையைப் பிடித்து, இவ்வளவு நல்ல சாப்பாடு தான் கனடாவில் சாப்பிட்டதில்லை என்றாள். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அவர் நம்பினார்.

சண்டிலிப்பாய்க்கு இரண்டு ஓட்டோ பிடிப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவளே ஒன்றைப் பிடித்து எங்களை ஏற்றிவிட்டாள். வழி முழுக்க எங்களுக்கு நடுவில் குடை இருந்தது. இறங்கும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே, “கை கடிக்குதோ?” என்று கேட்டார். அரிப்பொன்றும் இல்லை என்றேன். அவர் தன் கேற்றுக்குப் போனார், நான் என் கேற்றுக்கு வந்தேன்.

தங்கை சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிட்டாள். மதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அரை அடி விடயத்தில் என் கருத்து மாறவில்லை, அவருடையதும் மாறாது. இன்னும் நான் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் இப்போது மதிலுக்கு மேலால் சண்டை நடக்கிறது. போன கிழமை குப்பை எரித்த புகைக்கு ஒன்று, நேற்று நாய்க்கு ஒன்று. அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று பலமுறை தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டேன். கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

ஒன்பது வருடம் என் முகத்தைப் பார்க்காத மனிதர், வெயிலில் குடையையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, “என்ரை தம்பிக்கு இறால் கூடாது” என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் வரும் இரவுகளில், மதிலுக்கு அப்பால் அவர் இருமுவது கேட்கும்வரை எனக்கு நித்திரை வருவதில்லை.